கம்பியால் கட்டிய அச்சரக்கூடு

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் கிழமைக்கு ஒரு தடவை நாம் ஒன்றாக வேலை செய்த கராஜுக்கு வந்து, உங்கள் கோப்பியைக் குடித்து, உங்கள் வேலையில் குறை பிடித்துவிட்டுப் போகிறேன் என்று எனக்குப் பின்னால் நீங்கள் கதைப்பது எனக்குத் தெரியும். கதையுங்கள். ஆனால் போன சனிக்கிழமை உங்களில் ஒருவர் ஒரு ஸ்போர்ட் பைக்குக்குப் புது சைலன்சர் பூட்டி, எல்லாச் சோதனையும் முடித்து, வண்டிக்காரர் கையில் திறப்பைக் கொடுக்கும் நேரத்தில் "ஒரு நிமிசம்" என்று குனிந்து ஏதோ ஒரு கிளிப்பை இடம் மாற்றிப் போட்டதை நான் பார்த்தேன். ஆட்களுக்கு முன்னால் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகு இருப்புக்கொள்ளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சைலன்சர் பூட்டுவது எப்படி என்று சொல்லப்போவதில்லை. அதற்குக் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன, என்னைவிட அழகானவர்கள் செய்து காட்டுகிறார்கள். நான் சொல்வது ஒரே ஒரு மத்தியானத்தைப் பற்றி. முழங்கால் இரண்டும் இனி முடியாது என்று நான் வேலையை விட்டதற்கு முந்திய வசந்தகாலம் அது.

வசந்தகாலத்தில் இந்தக் கியூபெக்கில் நமக்கு வரும் நெரிசல் தெரியும்தானே. பனிக்காலம் முழுக்கப் போர்வைக்குள் கிடந்த வண்டிகள் எல்லாம் ஒரே கிழமையில் ரோட்டுக்கு வர அடம் பிடிக்கும். அந்த நெரிசலுக்குள் துஷாரா வந்தாள். பியர்பொன்ட்ஸில் தாயோடு இருக்கிறவள், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு வயோதிபர் இல்லத்தில் தாதியாக வேலை. அறுநூறு சிசி கறுப்பு வண்டி. முழு சைலன்சரையும், எஞ்சினிலிருந்து வரும் குழாய்கள் முதல் கடைசியில் சத்தம் அடக்கும் பானை வரை, இணையத்தில் வாங்கிப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தாள். மூன்று மணிக்கு வேலை தொடங்குகிறது, அதற்குள் முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். முடித்தேன். ஸ்டாண்டில் ஏற்றி எஞ்சினை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் கை பிடித்து, காற்று எங்கும் கசியவில்லை, எதிலும் எதுவும் முட்டவில்லை என்று பார்த்தேன். அந்த வேலையில் இன்றைக்கும் நான் ஒரு குறை சொல்லமாட்டேன்.

அப்போதுதான் தாய் செல்வராணி தனது காரில் வந்து இறங்கினார். மட்டக்களப்புக்காரர், ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறவர். அவருடைய தம்பி ஊரில் மோட்டார் சைக்கிளில் போய் இறந்தவர். மகள் வண்டி வாங்கியபோது இவர் மூன்று நாள் சாப்பிடவில்லை என்று துஷாராவே எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார். ஊரில் மந்திரித்து அனுப்பிய ஓர் அச்சரக்கூடு எப்போதும் வண்டியில் கட்டியிருக்க வேண்டும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அச்சரக்கூடு என்றால் மந்திரம் எழுதிய தகட்டைச் சுருட்டி உள்ளே வைத்த சின்னச் செப்புக் குழல். கறுப்பு நூலில் கோத்துக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டுவார்கள். இது வண்டியில் பின்னால் இருப்பவர் கால் வைக்கும் தாங்கியில் கட்டியிருந்தது. புது சைலன்சருக்காக அந்தத் தாங்கியை நான் கழற்றிவிட்டேன். அச்சரக்கூடு மேசையில் கிடந்தது.

"அண்ணே, இத அங்கயே கட்டி விடுங்க. நூல் இத்துப்போச்சு. எங்கயும் அறுந்து விழுந்திரும்" என்றார் செல்வராணி.

"அம்மா, புது சைலன்சர் அம்மா. அதுக்குப் பக்கத்திலை இது வடிவில்லை" என்றாள் துஷாரா.

"வடிவுக்கா புள்ள கட்டுறது?"

"அங்கிள், நீங்களாவது சொல்லுங்கோ."

நான் பெரிய மனிதன் ஆகப் பார்த்தேன். "கிடக்கட்டும் பிள்ளை. உனக்குப் பாரமே? அம்மாவின்ரை மனம் ஆறட்டும்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நூலால் கட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, சூடு பட்டதும் எரிந்து அறுந்திருக்கும். ஆனால் அந்த அம்மா அறுந்து விழுந்திரும் என்று சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பந்தய வண்டிகளில் எண்ணெய் ஆணி கழன்று விழாமல் முறுக்கிக் கட்டும் மெல்லிய எஃகுக் கம்பி இருக்கிறதே, அதை எடுத்தேன். தாங்கி இருந்த இடத்துக்குப் பக்கத்தால் பின் பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் போகிறது. அந்த ஹோஸோடு சேர்த்து அச்சரக்கூட்டை வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, குறட்டால் முறுக்கி, நுனியை மடக்கிவிட்டேன். இனி உலகம் புரண்டாலும் இது விழாது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கும்பிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும், நம்முடைய முதலாளி போல ஒரு கியூபெக்காரராக இருந்திருந்தால், அந்தக் குழலை எடுத்து அவளுடைய ஜாக்கெட் பைக்குள் போட்டு அனுப்பியிருப்பார். எனக்கு அது என்னவென்று தெரியும், அதற்கு மரியாதை செய்யவும் தெரியும். அதனால்தான் இந்த மடத்தனத்தைச் செய்தேன்.

துஷாரா ஏறினாள். "முதல் அரை மணித்தியாலம் எரியிற மணம் வரும், புதுக் குழாயிலை இருக்கிற எண்ணெய் எரியிறது. பயப்பிடாதை" என்று சொல்லி அனுப்பினேன். போய்விட்டாள். செல்வராணி போகவில்லை. மகளின் வண்டிக்குப் பின்னால் கார் ஓடினால் தனக்கு நெஞ்சு பதறும், அவள் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று மெசேஜ் போடும்வரை இங்கேயே இருக்கிறேன் என்றார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். அடுத்த வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிவிட்டு அதில் ஏறி உட்கார்ந்தேன், பிரேக் பார்க்க. குனிந்து பார்த்தபோது என் பாரத்தில் வண்டியின் பின்பக்கம் பதிய, பிரேக் ஹோஸ் வளைந்து ஒரு விரல் அகலம் வெளியே தள்ளியது. வருடக்கணக்காகப் பார்த்த விஷயம். ஆள் ஏறினால் எல்லா வண்டியிலும் தள்ளும். ஆனால் அன்றைக்கு உடனே நான் கட்டிய கம்பி நினைவுக்கு வந்தது. துஷாராவின் வண்டியை நான் சோதித்ததும் கம்பி கட்டியதும் ஸ்டாண்டில் வைத்து. ஸ்டாண்டில் ஹோஸுக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்தால் அந்த ஒரு விரல் இல்லை. பழைய சைலன்சரில் அந்த இடத்தில் ஒரு தகட்டு மூடி உண்டு. புதியதில் இல்லை, வெறும் குழாய். செப்புக் குழல் நேரே அந்தச் சூட்டில் போய் முட்டும், அந்தச் சூட்டை அப்படியே ரப்பருக்குள் இறக்கும். எரிந்து விழவும் வழியில்லை, ஏனென்றால் நான் எஃகுக் கம்பியால் முறுக்கியிருக்கிறேன்.

ரப்பர் எரிந்தால் மணம் வரும். அந்த மணத்துக்குப் பயப்படாதே என்று சொல்லி அனுப்பியதும் நான்தான்.

தொலைபேசியில் அழைத்தேன். அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. ஓடும்போது போன் எடுக்காத பிள்ளை. வேறு நாளாக இருந்தால் பாராட்டியிருப்பேன்.

செல்வராணி என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்ன அண்ணே?"

"ஒண்டுமில்லை தங்கச்சி. பிள்ளையோடை ஒரு சின்னக் கதை இருந்தது."

"ஓடக்குள்ள எடுக்கமாட்டாள். போய்ச் சேந்து அவளே எடுப்பாள்."

கராஜின் வான் வண்டித் திறப்பை எடுத்தேன். கதவுவரை போனேன். அப்போதுதான் தெரிந்தது, எந்தப் பக்கம் போவது என்று எனக்குத் தெரியாது. நம் கராஜ் இருக்கும் ரொக்ஸ்பரோவிலிருந்து அவள் வேலைக்குப் போக இரண்டு வழி. ஆற்றங்கரையோடு போகும் குவான் வீதி, அல்லது தெற்கே இறங்கி ஹைவே நாற்பது.

"எந்த ரோட்டாலை போவாள்?" என்று கேட்டேன்.

"குவானால. ஹைவேல போகமாட்டனெண்டு என்ட தலையில கைவெச்சுச் சத்தியம் பண்ணினவள். ஏன் கேக்கிறீங்க?"

"சும்மா."

அந்தச் 'சும்மா' வாயிலிருந்து வந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு வயது அறுபத்திரண்டு, அந்தப் பிள்ளை ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது, நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன். மனதுக்குள் கணக்குப் போட்டேன். புது சைலன்சர் பூட்டிய எவரும் முதல் நாள் குவானில் ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து போகமாட்டார்கள், அவள் ஹைவேயில்தான் இருப்பாள், நான் போய்ப் பிடித்துவிடலாம், இந்த அம்மாவுக்குத் தெரியவே வேண்டாம். பிறகு நினைத்தேன், சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தால்? வானை ஸ்டார்ட் பண்ணினேன். நிறுத்தினேன். இறங்கி இன்னொரு தடவை போன் அடித்தேன். முதலாளியிடம் போய்ப் பாதி சொன்னேன், மீதியை விழுங்கினேன். இப்படி இரண்டு மூன்று நிமிடம் ஓடிவிட்டது. இரண்டு ரோடு, ஒரு வான். இரண்டாவது கார் வாசலில் நின்றது. அதை ஓட்டக்கூடியவர் தேத்தண்ணிக் கோப்பையோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். அவரை அனுப்ப வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சின்ன விஷயம் என்று சொல்லி அனுப்பினால் சின்ன விஷயத்துக்குப் போகிற வேகத்தில்தான் போவார்.

திரும்பி வந்து அவருக்கு முன்னால் நின்றேன்.

"தங்கச்சி, நான் பிழை விட்டிட்டன். அச்சரக்கூட்டைக் கம்பியாலை பிரேக் ஹோசோடை சேத்துக் கட்டிப்போட்டன். அவள் ஏறி இருந்தால் அது சூட்டுக் குழாயிலை முட்டும். ஹோஸ் உருகினால் பின் பிரேக் இல்லை. உள்ளை இருக்கிற பிரேக் எண்ணெய் டயரிலை பட்டால் வழுக்கும், குழாயிலை பட்டால் நெருப்பும் பிடிக்கலாம். நான் ஹைவேயாலை போறன். நீங்கள் குவானாலை போகவேணும். இப்பவே."

கத்துவார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.

"கண்டா நான் என்ன செய்யணும்?"

"பின்னாலை நிண்டு ஹோர்ன் அடிக்காதேங்கோ. திடுக்கிட்டுப் பிரேக்கிலை கால் வைப்பாள். முந்திப் போங்கோ. கையை வெளியிலை காட்டி மெள்ள மெள்ள வேகத்தைக் குறையுங்கோ. உங்கடை காரைக் கண்டால் அவளாய் நிப்பாட்டுவாள். நிண்டவுடனை எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்கோ. ஒண்டிலும் கை வைக்க வேண்டாம்."

"சரி" என்றார். மகளுக்குப் பின்னால் ஓடினால் நெஞ்சு பதறும் என்று சொன்ன மனுசி, நான் வானின் கதவைத் திறக்க முதல் வாசலைத் தாண்டிவிட்டார்.

முதலாளியிடம் இந்தத் தடவை முழுவதையும் சொன்னேன். அவர் பொலிசுக்கு அழைத்துப் பிரெஞ்சில் வண்டியின் நிறத்தையும் இலக்கத்தையும் சொல்லத் தொடங்கினார். நான் ஹைவே ஏறினேன்.

அந்தப் பாதையில் எத்தனை தடவை போயிருப்பேன், அன்றைக்கு அது முடியவே இல்லை. முன்னால் ஒவ்வொரு வாகனமாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஓரிடத்தில் வலது கரையில் ஏதோ கறுப்பாகக் கிடந்தது. லொறி டயர் ஒன்றின் கிழிந்த துண்டு. அம்புலன்ஸ் ஒன்று எதிர்ப்பக்கம் போனது. அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணாடியில் பார்க்கப் போய் முன்னால் நின்ற காரில் மோதப் பார்த்தேன். கடவுள் பக்தி எனக்கு அவ்வளவு இல்லை. அன்றைக்கு ஊரிலிருந்த அத்தனை கோயிலையும் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

சென்ட்-ஆனில் இறங்கி அந்த இல்லத்தின் தரிப்பிடத்துக்குப் போனேன். வண்டி இல்லை. ஹைவேயில் வந்திருந்தால் எனக்கு முதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் குவானில் இருக்க வேண்டும், அல்லது ஹைவேயில் நான் காணாத ஓர் இடத்தில் இருக்க வேண்டும். திரும்பிப் போவதா, நிற்பதா? போனால் அவள் வரும்போது ஆளில்லை. வானுக்கு வெளியே நின்றேன். வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவர் என்னைப் பார்த்து "பொன்ஜூர்" என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. செல்வராணி.

"புடிச்சிட்டன் அண்ணே" என்றார். எந்த இடம் என்று சொன்னார். நான் வானைத் திருப்பினேன்.

ஆற்றங்கரையில் வாகனம் நிறுத்தும் ஓர் இடத்தில் துஷாரா புது சைலன்சரைப் படம் எடுக்க நின்றிருக்கிறாள். அம்மாவுக்காகக் குவானில் பாதித் தூரம் போய்விட்டு, அங்கிருந்து தெற்கே திரும்பி ஹைவே ஏறுவது அவளுடைய திட்டம். பிறகு அவளே சொன்னாள். தாய் போய்ச் சேர்ந்தபோது ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் காரை வண்டிக்குக் குறுக்கே போட்டு நிறுத்தியிருக்கிறார். நான் போனபோதும் அது அப்படியே குறுக்கே நின்றது.

குனிந்து பார்த்தேன். ஹோஸின் மேல் ரப்பர் கொப்பளித்து வெடித்திருந்தது. உள்ளே நூல் பின்னல் தெரிந்தது. பின்னலுக்கூடாக எண்ணெய் வியர்த்து நின்றது. ஒரு தடவை பலமாக மிதித்திருந்தால் போயிருக்கும்.

எனக்குப் பின்னால் துஷாரா தாயை ஏசிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சு பாதி, தமிழ் பாதி.

"உங்கடை மந்திரம்தான் என்னைக் கொல்லப் பாத்தது. நான் வேண்டாமெண்டு சொன்னனான். சொன்னனானா இல்லையா? இனி என்ரை வண்டியிலை எதுவும் கட்டக்கூடாது. வண்டிக்குக் கிட்டவே வரக்கூடாது."

செல்வராணி வேலை உடுப்பின் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். தான்தான் பிழை என்று அவர் நம்பிவிட்டது முகத்தில் தெரிந்தது. நான் அப்படியே குனிந்தபடி கம்பியை வெட்டிக்கொண்டிருந்தால் போதும், பழி முழுவதும் அவர் தலையில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு கணம் குனிந்துகொண்டுதான் இருந்தேன்.

பிறகு எழும்பினேன். "பிள்ளை, அம்மா கட்டச் சொன்னவ, அவ்வளவுதான். இடம் பாத்தது நான். கம்பி போட்டது நான். எல்லாச் சோதனையும் முடிஞ்ச பிறகு கை வைச்சது நான். பேந்து திரும்பச் சோதிக்காமல் விட்டதும் நான். அம்மாவைப் பேசாதை. என்னைப் பேசு."

துஷாரா என்னைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் வைத்தாள்.

"நீங்கள் இதை எப்ப கண்டனீங்கள்?"

"நீ போய்ப் பத்து நிமிசத்திலை."

"அம்மாட்டை எப்ப சொன்னனீங்கள்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் செல்வராணி சொன்னார். "உடனே சொன்னவர், மகள். கண்ட உடனே சொன்னவர்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒண்டுமில்லை என்றும் சும்மா என்றும் தன்னிடம் பொய் சொன்னவனை அந்த மனுசி காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன். ஓம் என்பதுபோல.

கம்பி விஷயத்தை அன்றைக்கே வேலைச் சீட்டில் என் கையால் எழுதினேன். பிறகு உங்களில் பலருக்குச் சிரிக்கச் சிரிக்கவும் சொல்லியிருக்கிறேன், மந்திரத்துக்குக் கம்பி கட்டின கதை என்று. தலையாட்டியதை ஒருவருக்கும் சொல்லவில்லை. துஷாரா இப்போதும் அதே கறுப்பு வண்டி ஓட்டுகிறாள் என்று கேள்வி. என்றாவது அவள் உங்களிடம் வந்தால் இந்தத் தாளைக் கொடுங்கள். பிள்ளை, நான் உடனே சொல்லவில்லை. நீ ரோட்டில் போய்க்கொண்டிருக்க, மூன்று நிமிடம் உன் அம்மாவிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.